பாறையில் நட்ட கை

"உங்கண்ணனுக்கு எந்தச் சாமானும் முழுசா இருந்தா பிடிக்காதா, அம்சா?" என்று சாரதா அண்ணி ஒருமுறை என்னைக் கேட்டாள்.

அப்போது அவள் ஒரு கையில் துடைப்பமும் இன்னொரு கையில் ஒரு ஸ்க்ரூவும் இருந்தன. கூட்டும்போது கிடைத்த ஸ்க்ரூ. அவளுடைய கல்யாணச் சீராக வந்த ரெக்கார்டு பிளேயரின் ஸ்க்ரூ.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் யாராவது நேராகக் கேட்டால், பதில் என் வாய்க்கு வந்து சேர்வதற்குள் கேட்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அண்ணியும் சற்று நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஸ்க்ரூவை முந்தானையில் முடிந்துகொண்டு மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

பிடிக்காது என்பதுதான் பதில். துளசிராமன் அண்ணனுக்கு எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், மைன்ஸ் எலெக்ட்ரிக்கல் ஷாப்பில் வேலை. ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் ஆட்கள் நிற்கும் கேஜை, அந்த இரும்புக் கூண்டை, இறக்கி ஏற்றுகிற வைண்டிங் இன்ஜினைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களில் அவனும் ஒருவன். அந்த இன்ஜினில் சொல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது என்பது சட்டம். அந்த ஏக்கத்தை வீட்டில் தீர்த்துக்கொள்வான். எங்கள் டார்ச் லைட் ஒரு டம்ளருக்குள் இருந்தது. அலாரம் கடிகாரம் ஒரு தாம்பாளத்தில் பரப்பிக் கிடந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் அம்மா பக்கத்து வீட்டு ஏசுபாதத்திடம் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

ஆனால் அண்ணியின் ரெக்கார்டு பிளேயரை அவன் தொடுவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பேத்தமங்களாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா பாண்டுரங்கன், பெங்களூருக்குப் போய் வாங்கிவந்த சாமான் அது. பளபளவென்று பாலிஷ் போட்ட தேக்குப் பெட்டி. மூடியைத் திறந்தால் சுற்றுகிற தட்டும் முள் பொருத்திய கையும் இருக்கும். முன்பக்கம் ஸ்பீக்கர். தை மாதம் கல்யாணம் முடிந்து வந்தபோது அதை ஓர் ஆள் தலையில் சுமந்து முன்னால் நடக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் நடந்து வந்தார்கள். வரிசை வீடுகளான எங்கள் லைன் முழுவதும் வந்து பெட்டியைத்தான் பார்த்தது.

வைகாசியில் வந்தது வினை. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஓர் இன்ஜினியர் வீட்டில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் போனான். கோணிப்பையில் எதையோ கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்துக் குழந்தையைக் கூட்டிவருவதுபோல் தள்ளிக்கொண்டு வந்தான். பிரித்தால், ஒரு கனத்த இரும்புத் தட்டும் அதற்குக் கீழே ஒரு மோட்டாரும். தட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள்.

"மீதி எங்கடா?" என்றாள் அம்மா.

"இதான்மா மொத்தமும்."

"பெட்டி?"

"கிடையாது."

"முள்ளு மாட்டற கை?"

"அதுவும் கிடையாது. அதை நாமதான் தனியா நிறுத்திக்கணும்."

அம்மா தட்டைச் சுற்றிவந்து பார்த்தாள். "கையும் இல்ல, பெட்டியும் இல்ல. அந்த இன்ஜினியர் இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் ஓடறான்னு இப்பதான் புரியுது."

அண்ணன் கோபப்படவில்லை. பொறுமையாக எங்கள் மூவருக்கும் விளக்கினான். சாதாரண பிளேயரில் மோட்டார் வேகமாகச் சுற்றும், ஒரு ரப்பர் சக்கரம் உரசித் தட்டைத் திருப்பும், அந்த உறுமலெல்லாம் பாட்டில் கலந்துவிடும். இதில் சக்கரம் கிடையாது. மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கிறது, தட்டு எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் மோட்டாரும் சுற்றும். இதற்குப் பேர் டைரக்ட் டிரைவ்.

"நம்ம வைண்டிங் இன்ஜின் மாதிரிதான். மத்ததெல்லாம் பெட்டி பண்ற வேலைம்மா. மோட்டார் இன்னா முணுமுணுத்தாலும் அது முள்ளுகிட்டப் போய் கோள் சொல்லிடுது."

"எங்கப்பா வாங்கிக் குடுத்த பெட்டியையா சொல்றீங்க?" என்றாள் அண்ணி.

"உங்கப்பாவை நான் ஒண்ணும் சொல்லலியே. பெட்டியைத்தான் சொல்றேன்."

"பெட்டி தானா நடந்து வந்துச்சா?"

அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் அண்ணி தண்ணீர் பிடித்துவிட்டு வருவதற்குள் பெட்டியிலிருந்து கை கழன்றிருந்தது, தட்டும் பழைய மோட்டாரும் கழன்றிருந்தன. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மட்டும் பெட்டிக்குள் மிஞ்சின. மேலே பெரிய பள்ளம். அம்மாவுக்கு வெறும் பள்ளத்தைப் பார்த்தால் பொறுக்காது. சாயங்காலத்துக்குள் அதில் வெங்காயத்தைக் கொட்டிவிட்டாள்.

அண்ணி அழவில்லை. சோறு பரிமாறிவிட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆடி பொறந்ததும் எங்கப்பா என்னை அழைச்சிட்டுப் போக வருவாரு. அவரு வர்றன்னிக்கு இது ஒரு பக்கம் முழுசா, எங்கயும் தாவாம, தடுக்காம பாடணும். பாடலன்னா, ஆவணியில நீங்க வந்து கூப்பிட்டாலும் நான் திரும்பி வர மாட்டேன்."

"புரட்டாசியில?" என்றான் அண்ணன். கிண்டல் இல்லை. எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அண்ணி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் ரசத்தோடு எழுந்தான்.

அன்றிலிருந்து எங்கள் முன்னறை பரிசோதனைச் சாலை ஆகிவிட்டது. தட்டும் மோட்டாரும் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்தன. அதற்கடியில் காற்று நிரப்பிய சைக்கிள் டியூப் ஒன்றை மெத்தைபோல வைத்தான். மோட்டாரை ஓடவிட்டு ஒரு சின்ன நியான் பல்பைக் காட்டினால், ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டதுபோலத் தெரியும். வேகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம். சுற்றுகிற ஒன்று நிற்பதுபோல் தெரிந்தால் சந்தோஷப்படுகிற ஆளை அம்மா அதுவரை பார்த்ததில்லை.

கையை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. முதலில் பால்பவுடர் டப்பாவில் மணலை நிரப்பி அதன்மேல் நிறுத்தினான். இரண்டு நாள் நன்றாகப் பாடியது. மூன்றாம் நாள் அம்மா டப்பாவை நகர்த்திக் கூட்டிவிட்டு, "எங்க இருந்துச்சோ அங்கயே வெச்சிட்டேன்டா" என்றாள். ஒரு விரல் தள்ளி வைத்திருந்தாள். முள் பாட்டைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தது.

"யாராலயும் நகர்த்த முடியாத கனமா இருக்கணும்" என்று அண்ணன் தீர்மானித்தான். அம்மிக்கல்லைத் தூக்கிவந்து அதன் ஓரத்தில் துளை போட்டுக் கையைப் பொருத்தினான். வீட்டில் சட்னி நின்றது. அம்மா சில நாள் பொறுத்தாள். பிறகு ஒருநாள், "நீ பாட்டுக்குப் பாடவெச்சிகினு இரு, நான் ஓரமா அரைச்சிக்கறேன்" என்று குழவியோடு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கையின் மூட்டுக்குள் புகுந்த தேங்காய்த் துருவலை எடுக்க அண்ணனுக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. அம்மி சமையற்கட்டுக்குத் திரும்பிப் போனது.

ஆனி கடைசியில்தான் அவன் கண் பாறைமேல் விழுந்தது.

எங்கள் லைன் வீடுகள் பாறைமேல் கட்டியவை. முன்னறை மூலையில் பாறை ஒன்று ஆமை முதுகுபோலத் தரைக்கு மேலே வந்திருக்கும். வீடு கட்டியவர்கள் அதை உடைக்கப் பார்த்து, முடியாமல், அதைச் சுற்றியே சுவரை எழுப்பிவிட்டார்கள். அம்மா அதன்மேல் தண்ணீர்க் குடம் வைப்பாள்.

அண்ணன் குடத்தை இறக்கிவிட்டுப் பாறையைத் தட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"நான் ஒரு மடையன். கண்ணு முன்னாடியே கீது. பாறை ஆடுமா? வைண்டிங் இன்ஜினையே கம்பெனிக்காரன் பாறையிலதானே போல்ட் அடிச்சு நிறுத்தியிருக்கான்!"

பாறை ஆடும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அம்மாவும் அண்ணியும் ஒப்புக்கொண்டு தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஷாப்பிலிருந்து ஒரு பழைய டிரில் கம்பியைக் கேட்டு வாங்கிவந்து, பாறையில் துளை போட்டான். மூன்று சாயங்காலம் சுத்தியல் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏசுபாதம் குரல் கொடுத்தார்.

"பாப்பம்மாக்கா! தங்கம் எதுனா கிடைச்சா பாதிச் சுவர் எங்களுது. ஞாபகம் வெச்சிக்க!"

"வெளிய வர்ற தூசியில பாதி அனுப்பறேன், மொதல்ல அதை வாங்கிக்க!" என்றாள் அம்மா.

கம்பியைத் துளையில் நட்டுச் சிமெண்ட் போட்டு, அதன் உச்சியில் கையைப் பொருத்தினான். பாறையிலிருந்து முளைத்த கொக்குபோல அது முக்காலித் தட்டின்மேல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கையிலிருந்து ஒரு வயர் தரையில் ஓடி வெங்காயப் பெட்டிக்குள் போனது.

சிமெண்ட் காய்ந்தது ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் ஒரு நாகஸ்வர ரெக்கார்டைப் போட்டான். ஒரு பக்கம் முழுவதும் தாவவில்லை, தடுக்கவில்லை. திருப்பிப் போட்டான். அதுவும் அப்படியே. சாயங்காலம் வரை வீட்டில் இருந்த எல்லா ரெக்கார்டும் பாடின. அண்ணி முதலில் சமையற்கட்டில் நின்று கேட்டாள், பிறகு வாசற்படியில், பிறகு முக்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாசிக்கறவரு மூச்சு இழுக்கறதுகூட கேக்குதுங்க" என்றாள். "இது முன்னாடி கேக்கலியே?"

"பெட்டி முழுங்கிடுச்சி" என்றான் அண்ணன்.

அண்ணி பெட்டியைப் பார்த்தாள். அதற்காக வாதாடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். ஒரு தோளில் பலாப்பழம், கக்கத்தில் புது ரெக்கார்டு. அண்ணியின் தகரப் பெட்டி தயாராக வாசலில் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் இருவரும் பேத்தமங்களா போவதாக ஏற்பாடு.

அவர் உள்ளே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். தன் தேக்குப் பெட்டியைக் கண்டுபிடித்தார். கிட்டப் போய்க் குனிந்தார்.

"சம்பந்தியம்மா, இது இன்னாங்க?"

"வெங்காயங்க" என்றாள் அம்மா.

"வெங்காயம்னு தெரியுது."

"நல்ல காத்தோட்டமுங்க. முளைக்கவே மாட்டேங்குது. பழைய கூடையில வெச்சா நாலே நாள்தான்."

"தேக்கு, மாமா" என்று அண்ணன் ஒத்து ஊதினான். "அதான்."

பாண்டுரங்கன் மாமா மகளைப் பார்த்தார். மகள், "கேட்டுட்டுப் பேசுப்பா" என்று அவரைப் பலகையில் உட்காரவைத்தாள். அண்ணன் புது ரெக்கார்டைத் தட்டில் வைத்தான். பாறைமேல் நின்ற கையை இறக்கினான். முக்காலியில் தட்டு சுற்ற, மூலையில் கை நிற்க, வெங்காயத்துக்கு நடுவிலிருந்து வயலின் புறப்பட்டது.

மாமா முதலில் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். சற்று நேரத்தில் விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. அண்ணி அண்ணனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் அண்ணன் அப்படி வெட்கப்பட்டு அன்றுதான் பார்த்தேன்.

பாதிப் பாட்டில் கை ஒரு துள்ளு துள்ளியது. முள் எகிறி, சர்ரென்று கோடு கிழித்து, ஓரத்தில் போய் விழுந்தது.

"ரெக்கார்டுல எதுனா தூசியா மாமா?" என்றான் அண்ணன்.

மாமா பலகையில் இல்லை. தெருவில் நின்றுகொண்டிருந்தார். வேட்டி ஒரு கையில் இருந்தது.

"ஐயோ சாமி! எல்லாரும் வெளிய வாங்க! பூகம்பம்! சாரதா, வெளிய ஓடியா!"

லைனில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். ஏசுபாதம் அக்கறையாக விசாரித்தார்.

"பூகம்பமா? எந்த ஊர்லண்ணா?"

"இங்கதான்யா! இப்பதான்! வீடு ஆடுச்சு!"

ஏசுபாதம் யோசித்தார். தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஓ, அதுவா! அது ஷிப்டு வெடிண்ணா. கீழ வெடி வெச்சிருப்பாங்க. நீங்க வேற, பயந்தே பூட்டோம்" என்று உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வந்ததும், கீழே லெவல் லெவலாக இருக்கும் சுரங்கத் தளங்களில் பாறைக்கு வெடி வைப்பார்கள். வேலை நாள் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. அப்போது ஊரே ஒரு குலுக்கல் குலுங்கும். எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரிக்கு முன்னால் குறுக்காக ஒரு கம்பி உண்டு. எல்லா ஊரிலும் அலமாரி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். குலுங்கும்போது டம்ளரைப் பிடித்துக்கொள்வோம், பிறகு விட்டுவிடுவோம். பிடித்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

"சாரதா, நீ சொல்லும்மா. ஆடுச்சா இல்லியா?"

அண்ணி நேர்மையாக யோசித்தாள். "எங்க ஆடுச்சுப்பா?"

தை மாதம் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள், முதல் வெடிக்கு ஈரத் தலையோடு தெருவுக்கு ஓடி, கோயில் வரை போய்விட்டவள் அவள். நானும் அம்மாவும்தான் போய்க் கூட்டிவந்தோம். இப்போது அவள் கை பக்கத்தில் இருந்த சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை.

மாமா அவளை வேறு யார் வீட்டுப் பெண்ணையோ பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"சம்பந்தியம்மா, பெட்டியில வெங்காயம் வெச்சீங்க, போவட்டும். இப்படி ஆடற வீட்டுல என் பொண்ணை விட்டுட்டு நான் ராத்திரி எப்படித் தூங்கறது? ஆடிக்கு அழைச்சிட்டுப் போறேன். ஆவணியில அனுப்பறதா இல்லை. மாப்ளே வேணும்னா பேத்தமங்களாவுக்கு வந்து கடையில உக்காரட்டும்."

"ஐயே, இன்னாங்க இப்படிப் பேசறீங்க!" அம்மா பதறிப்போனாள். "டேய் துளசி, சொல்லேன்டா எதுனா!"

அண்ணன் பாறையருகே குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எப்படி ஆடுச்சு? மேல கீழவா, பக்கவாட்டுலயா?"

"கிண்டலா மாப்ளே?"

"இல்ல மாமா, நெசமாத்தான் கேக்கறேன். எங்களுக்குத் தெரியாது."

அண்ணன் முகத்தைப் பார்த்தவர் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். "இப்படி... கீழேருந்து ஒரு குத்து. அப்புறம் இப்படி லேசா ஒரு நடுக்கம்."

"கீழேருந்து குத்து!" அண்ணன் எழுந்துவிட்டான். "சாரதா, பாறைதான் ஆடுது! நம்ம பாறைதான்! பாறை ஆடினா கையும் ஆடும். தட்டு டியூப்மேல கீது, அது ஆடல. கை மேல போவுது, தட்டு அங்கயே நிக்குது. முள்ளு எப்படித் தாங்கும்?"

"நேத்து தாங்குச்சே?"

"நேத்து ஞாயித்துக்கிழமை!" அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "கையும் தட்டும் ஒரே கல்லுமேல இருக்கணும். அந்தக் கல்லு டியூப்மேல இருக்கணும். ரெண்டும் சேர்ந்தே ஆடினா, ஆடினதே முள்ளுக்குத் தெரியாது."

"நம்மள மாதிரியா?" என்றாள் அண்ணி.

அவன் பதில் சொல்வதற்குள் கல் என்ற சொல் அம்மாவுக்கு உறைத்துவிட்டது. விடுவிடுவென்று சமையற்கட்டுக்குப் போய் அம்மிக்கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பின்னாலேயே போனான்.

"எந்திரிம்மா."

"மாட்டேன்."

"ஒரே ஒரு நாள்."

"போன தடவையும் அதான் சொன்ன. சம்பந்தி பேசிகினு கீறாரு, போய் பதில் சொல்லு போ."

"சொல்றேன். எந்திரி."

முடிவில் அண்ணி போய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். அண்ணனும் அண்ணியுமாக அம்மியைத் தூக்கிவந்து முன்னறையில், முக்காலியடியிலிருந்து உருவிய டியூப்மேல் இறக்கி, மோட்டாரையும் தட்டையும் அதன்மேல் வைத்தார்கள். மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அண்ணன் பாறையில் நட்டிருந்த கம்பியை அறுக்கத் தொடங்கினான். கை கீழே விழாமல் அண்ணி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"சாரதா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் மாமா.

"இதோப்பா. இதை விட்டா விழுந்துடும்."

மாமா உட்கார்ந்தார். கம்பி அறுந்தது. அண்ணன் அம்மியின் ஓரத்தில் பழைய துளையைத் தேடிக் கையை நிறுத்தினான்.

"சாரதா, நீ வர்றியா இல்லியா?"

"வர்றேம்பா, ஒரு நிமிஷம். ஏங்க, இப்படிச் சாய்ஞ்சா முள்ளு நடுவுக்கு வராது. கொஞ்சம் தள்ளுங்க. இன்னும். ஆங்."

அண்ணன் குனிந்தபடியே பின்னால் கையை நீட்டினான். என்ன வேண்டுமென்று சொல்லவில்லை. அண்ணி தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஸ்க்ரூவை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. இருவர் தலையும் அம்மிக்குமேல் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாமா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். வாசலுக்குப் போய், அண்ணியின் தகரப் பெட்டியைத் தூக்கினார். பஸ்ஸுக்குத்தான் என்று நினைத்தேன். அவர் அதை உள்ளே கொண்டுவந்து, யார் காலிலும் இடறாதபடி சுவரோரமாக வைத்துவிட்டுச் செருப்பில் காலை நுழைத்தார்.

நான் அவருக்காகக் காப்பி டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் ஏதாவது சொல்லத்தான் பார்த்தேன். வரவில்லை. டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்து, என் கையில் திருப்பிக் கொடுத்தார். லைனில் இறங்கி, பஸ்ஸுக்குத் தனியாக நடந்தார்.